இரண்டு பேருக்கு ஒரு ஹேண்டில்பார்

அதியமான்கோட்டையில் மெக்கானிக் என் வண்டியின் ஹேண்டில்பாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியதும் கழுத்தும் மணிக்கட்டும் சேர்ந்து மனுக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. அரூர் வரை போய்வந்தால் இரண்டு நாள் தைலம்தான். "நாலு போல்ட்டு லூஸ் பண்ணி உங்க பக்கமா திருப்புனா போதுங்க, குனியாம ஓட்டலாம்," என்றார். கிரீஸ் வாசனை வந்தது. கூடவே சவரியும் நினைவில் வந்துவிட்டான்.

சவரியும் நானும் ஒரு விதைக் கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி. ஒருநாள் அவன், ஒருநாள் நான். நான் நெட்டை, அவன் குட்டை. எனக்குத் தோதாக வைத்தால் அவனுக்குக் கை எட்டாது. அவனுக்குத் தோதாக வைத்தால் என் முழங்காலில் இடிக்கும். "யோவ், இது வண்டியா, ஏர்க்கலப்பையா?" என்று முதல் மாதம் முழுக்கச் சண்டை. பிறகு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் வண்டியை விடுகிறவன், மறுநாள் ஓட்டுகிறவனுக்குத் தக்கபடி திருப்பி முடுக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணமான பின் மனைவிக்குக்கூட நான் அவ்வளவு பணிவிடை செய்ததில்லை.

ஒருநாள் தீர்த்தமலைப் பக்கம் சுற்றிவிட்டு அலுத்துப்போய் வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சவரிக்காகத் திருப்பினேன், போல்ட்டை அரைகுறையாக முடுக்கிவிட்டு ஓடினேன். மறுநாள் வத்தல்மலை இறக்கத்தில் அவன் பிரேக் பிடித்தபோது ஹேண்டில்பார் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தார். யார் கவனக்குறைவோ அவனுக்கு இனி வேலை இல்லை என்றார். எனக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. சவரி என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "காலைல நான்தான் சார் திருப்புனேன். டைட் வெக்க மறந்துட்டனுங்க."

அவன் பெங்களூருக்குப் போய் ஒரு கிடங்கில் காவலுக்குச் சேர்ந்தான். அந்தக் கை அதன்பின் சரியாக மடங்கவே இல்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் போன் செய்வேன். மழை, பிள்ளைகள், சர்க்கரை எல்லாம் பேசுவோம். அந்த போல்ட் விஷயத்தை மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவனுக்குத் தெரியும்தான். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டாமா? நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வண்டி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. போன கிறிஸ்துமஸுக்குத் துணிந்து போன் போட்டேன். தைரியம் போய்விடுமோ என்று, எடுத்த உடனே, "டேய் சவரி, அன்னைக்கு போல்ட்டை முடுக்காம வுட்டது நான்தான்டா," என்று சொல்லிவிட்டேன்.

எடுத்தது அவன் மகள்.

"மாமாங்களா? அப்பா தவறி நாப்பது நாளாச்சுங்க," என்றாள்.