பாவாயிக்குக் கிடைக்காத சாட்சி

பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது செய்தி வந்தது. பாவாயியின் பக்கத்து வீட்டுப் பால்காரர் போன் செய்தார். “டீச்சருங்களா? நம்ம பாவாயி அக்கா போயிட்டாங்க. மூணு நாளாக் காச்சல்னு படுத்திருந்தாங்க. வெடியால பாத்தா மூச்சு இல்லீங்க.” கேட்டதும் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மல்லசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. இதைப் படிக்கிற பலர் அவள் வீட்டில் கை நனைத்தவர்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தோம். அவள் அப்பா பட்டாளத்தில் ஹவில்தார். ஒரே மகள் என்பதால் சீர்செனத்தியோடு கட்டிக் கொடுத்தார். இரண்டே வருடத்தில் மாப்பிள்ளைக்கு அவள் வேண்டாதவளாகிவிட்டாள். ஊர்ப் பெரியதனக்காரர் இரண்டு வீட்டாரையும் கூட்டினார். ஊர் வழக்கப்படி துரும்பைக் கிள்ளிப் போட்டுக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார். பிறகு எல்லோரும் அவள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். “துரும்பு ஒடைஞ்ச சத்தங்கூட எனக்குக் கேக்கல புள்ள, அதுக்குள்ள இலையப் போட்டுட்டாங்க” என்று என்னிடம் சொன்னாள். அந்த மாப்பிள்ளை அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

பாவாயி மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்தார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது, அதில் இருவரும் சாப்பிட்டார்கள். அம்மா படுக்கையில் விழுந்ததும் அவளைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, ஊட்ட என்று பாவாயியின் நாள் முழுக்கப் போயிற்று. வேலைக்குப் போக வழியில்லை.

முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு அவளை நான்தான் அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், விஷயத்தை உடைத்துச் சொன்னார். அம்மாவுக்குப் பிறகு அந்த ஓய்வூதியம் விவாகரத்தான மகளுக்கு வரும். ஆனால் கோர்ட் தீர்ப்பு வேண்டும். வழக்காவது அம்மா உயிரோடு இருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். “துரும்பெல்லாம் இங்க செல்லாதும்மா, சீக்கிரம் கேசப் போடுங்க” என்றார். போட்டாள். ஊர் வழக்கப்படி தீர்த்தது உண்மை என்று முன்னின்று நடத்தியவர் வந்து சொன்னால் போதும், தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடும் என்றார் வக்கீல்.

பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் வானத்தைப் பார்த்தார். “அதெல்லாம் எந்தக் காலத்துச் சமாச்சாரம் சாமி. எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல இல்ல.”

“சாப்பிட்டதாவது ஞாபகம் இருக்குதுங்களா மாமா? கொழம்பு ஊத்துனது எங்கம்மாதானுங்க” என்றாள் பாவாயி.

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவருக்கு ஏன் மறந்தது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பழைய மாப்பிள்ளை இன்று ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டிகளுக்கு முதலாளி. கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தவன். அப்போது மகனுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தான். அப்பனுக்கு முதல் தாரம் ஒன்று இருந்த கதை சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாதாம். பெரியதனக்காரர் மட்டுமா? பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவர்கூட வரவில்லை. சோற்றுக்கு முந்தியவர்கள் சாட்சிக்குப் பிந்திவிட்டார்கள்.

வாய்தா மேல் வாய்தா. இடையில் அம்மா போய்ச் சேர்ந்தாள், ஓய்வூதியம் நின்றது. அப்பன் பனியில் நின்று சம்பாதித்த உரிமை எங்கோ கிடக்க, மகள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனாள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் சொன்னாள்: “ஊருக்கு நான் தீத்துவிட்டவ. கோர்ட்டுக்கு நான் இன்னும் அவம் பொண்டாட்டி. சோத்துக்கு நான் யாருன்னு யாராச்சும் சொல்லுங்க.”

சாவு வீட்டுக்கு ஊரே வந்திருந்தது. பெரியதனக்காரர்தான் முன்னின்று எல்லாம் நடத்தினார். பிணத்தைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை போர்த்தும் நேரத்தில் ஒரு கிழவி கேட்டாள்: “புருசங்காரன் உசுரோட இருக்கறானே, அவன் ஊட்டுக் கோடிச்சேல வரோணுமில்ல?”

“அவன் என்னத்துக்குக் கோடி போடறான்?” என்றார் பெரியதனக்காரர், ஊருக்கே கேட்கும்படி. “அவளத் தீத்து உட்டு எத்தன வருசமாச்சு! வைகாசி மாசம், மாரியாத்தா கோயலு வேம்படில வெச்சு நாந்தான துரும்பக் கிள்ளிப் போட்டேன். பொறந்த ஊட்டுக் கோடியப் போட்டு ஆக வேண்டியதப் பாருங்க.”

மாதம் ஞாபகம் இருக்கிறது. மரம் ஞாபகம் இருக்கிறது. “இதத்தானுங்க அவ உங்ககிட்டக் கேட்டா” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “எழவு ஊட்டுல வந்து என்ன பேச்சு டீச்சர்” என்று என்னை அடக்கினார்கள். அவரை யாரும் அடக்கவில்லை.

மறுவாரம் வக்கீலைப் பார்த்தேன். மனு போட்டவள் இறந்துவிட்டதால் வழக்கும் முடிந்தது என்றார். உறவுகளே, பாவாயி பொறுமைசாலி என்று நீங்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. அந்தப் பொறுமை எனக்கு வேண்டாம். அவள் யார் மேலும் கொட்டாமல் விட்டுப்போன கோபத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கோர்ட் கணக்கில் அவள் இன்னொருவன் மனைவியாகவே செத்தாள். அவளை விடுவிக்கத் தேவைப்பட்ட வார்த்தைகளை நீங்கள் அவள் பிணத்திடம் சொன்னீர்கள்.