காரில் கிடந்த சிவப்புப் பலகை

தோட்டத்தின் பின்பக்கப் பாதையில் எஃகு வடம் கட்டப்போகிறார்கள் என்பது எனக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். அதற்கான கடிதத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் அந்தப் பாதை வழியாகத்தான் மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று போலீஸ்காரர் கேட்டார், மாமியார் கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னேன். எதுவும் பொய்யில்லை, எதுவும் முழுசாகவும் இல்லை.

மலேசியாவில், கூலிம் ஊருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆபிசில் நான் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுபவள். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தைத் தாண்டினால் காடாகிப்போன பழைய ரப்பர்த் தோட்டம். அதற்கும் மேலே மலை. அந்த மலைக்காகவே இந்த வீட்டைப் பார்த்தாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னையும் அவருடைய ஸ்க்ராம்ப்ளர் மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அதைச் சவாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடி வாங்குவது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு வேரும் முதுகெலும்பில் குத்தியது. மழை அறுத்த பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்தபோது என் பல் உதட்டைக் கிழித்தது. மேட்டில் ஏறும்போது மோட்டார் எங்களைக் கீழே தள்ளப் பார்த்தது. இறங்கும்போது எங்கள் மேல் விழப் பார்த்தது. உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர் சிரித்தார். வீட்டில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஊதிக் கிடந்தன.

சாப்பிடும்போதும் போனில் மெக்சிகோ மலைகள்தான். கற்றாழையும் செம்பாறையும், ஒரு பக்கம் அதலபாதாளமும், அதன் ஓரத்தில் மோட்டாரின் மிதிகட்டையில் எழுந்து நின்றபடி பறக்கும் ஆட்களும்.

"சீட்டு இருக்குதானே? எதுக்கு எல்லாம் பஸ்ஸுல எடம் கெடைக்காதவன் மாதிரி நின்னுக்கிட்டே போறாங்க?" என்று கேட்டேன்.

"நின்னாதான்மா வண்டி சொன்னபடி கேக்கும். ஒக்காந்தா இடுப்பு போயிடும். ஒனக்கு இதெல்லாம் புரியாது லா."

மகளுக்கு ஐந்து மாதமானபோது ஓடைச் சரிவில் உருண்டு இரண்டு விரல்களை உடைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் அழவில்லை. தொட்டிலில் கிடந்த மகளைக் காட்டி, "இவ தலையில கைய வெச்சு சொல்லுங்க" என்றேன். கட்டுப் போட்ட கையை அவள் உச்சந்தலையில் வைத்து, "இனிமே மலைக்குப் போகமாட்டேன். பாப்பா மேல சத்தியம்" என்றார்.

டிப்ளோமா படித்தவள் நான். பிள்ளை தலையில் செய்த சத்தியத்தை மீறினால் தீங்கு பிள்ளையைச் சேரும் என்பதை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து, 'ஓவர்டைம்' போய்வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவருடைய காலுறையில் ஒட்டுப்புல் அப்பியிருந்ததைப் பார்த்தபோது நான் முதலில் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தது மகளின் நெற்றியைத்தான்.

அதற்குப் பிறகு வாராவாரம் அந்தப் புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் காலுறையைத் துவைத்தேன். அவருடைய பொய்யை நானே சுத்தம் செய்து மடித்து வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. 'நீங்கள் போனீர்கள்' என்று நான் வாய்விட்டுச் சொன்னால்தான் சத்தியம் உடையும், சொல்லாதவரை அது எப்படியோ உடையாமல் நிற்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்புறம்தான் வடம் வந்தது. மோட்டார்க்காரர்களில் யாரோ ஒருவன் பின்பாதையில் பழக்குலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தொழிலாளியை இடித்து மணிக்கட்டை உடைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். மேனேஜர் கொதித்துப்போனார். மரக்கட்டை இழுக்கும் எஃகு வடத்தை இரண்டு செம்பனைகளுக்கு நடுவே கட்டச் சொன்னார். நூறு அடிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னார். பலகை என் பொறுப்பு. வியாழக்கிழமையே கடையில் தயாராகிவிட்டது. மஞ்சள் பலகை. நிழலில் மஞ்சள் தெரியுமா, சிவப்பு நல்லதா என்று யோசித்து யோசித்து, சிவப்பில் மாற்றித் தரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியம் வாங்கி, காரின் பின்னால் மகளின் தள்ளுவண்டிக்கு அடியில் வைத்தேன். மகளுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் தோட்டத்து ஜாகா போன் செய்தார். ஜாகா என்றால் எங்கள் பக்கத்தில் காவல்காரர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பம்பு வீட்டில் தனியாக இருப்பவர்.

"கிராணிம்மா, கம்பி கட்டிட்டேன். போர்டு எங்க?"

"திங்கக்கெழம வந்துரும்ண்ணே. பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"இப்பவே போட்டாத்தான நல்லது? மேனேஜரு இன்னைக்கே கட்டுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. சரி, நான் ஒரு ஒரச்சாக்கக் கட்டித் தொங்க விடுறேன். பாப்பாவப் பாருங்க."

கட்டிய வடத்தைப் படம் பிடித்தும் அனுப்பினார். அது என் போனில் இன்னும் இருக்கிறது. மெல்லிசாக, ஒரு பென்சில் கோடு போல. என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து மெக்சிகோ பார்த்துக்கொண்டிருந்தார். போனை அவர் பக்கம் திருப்பினால் போதும். திருப்பினால், 'இதை ஏன் எனக்குக் காட்டுகிறாய்?' என்று கேட்பார். மடியில் மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காய்ச்சலோடு சத்தியம் உடைந்ததைப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. காய்ச்சலில் கிடப்பவளை விட்டு எங்கே போகப்போகிறார் என்றும் சொல்லிக்கொண்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு, "ஓவர்டைம்" என்றார். வாசல்வரை போனேன். "மெதுவா போங்க" என்று மட்டும் சொன்னேன்.

எட்டரைக்கு அவருடைய நண்பன் போனில் கத்தினான். "அண்ணி, பின்பாதைக்கு வாங்க! கம்பி! கம்பி கட்டி வெச்சிருக்கானுங்க!"

மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். மகளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போனேன். பத்து நிமிடம். காத்துக்கொண்டிருந்த செய்தி வந்துவிட்டது போல என் கை நடுங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அவர் சேற்றில் மல்லாந்து கிடந்தார். சட்டை மார்புக்குக் குறுக்கே கிழிந்து, அதன் கீழே தோலும் கிழிந்து, அகலமாக ஒரு சிவப்புக் கோடு. தோள் எலும்பு உடைந்து தோலை உள்ளிருந்து கூடாரம் போலத் தூக்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் ஈரத் துணியைக் கிழிப்பது போலக் கேட்டது. மோட்டார் ஆளில்லாமல் பறந்து போய் வாய்க்காலில் தலைகுப்புறக் கிடந்தது. வடம் இன்னும் விறைப்பாக நின்றது. அதில் கட்டிய உரச்சாக்கு மழையில் நனைந்து வடத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் மிதிகட்டையில் எழுந்து நின்று வந்திருக்கிறார். உட்கார்ந்து வந்திருந்தால் வடம் கழுத்தில் பட்டிருக்கும்.

ஜாகா அண்ணன்தான் மண்டியிட்டு அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. யாரும் தூக்காதீங்க, ஹெல்மெட்டக் கழட்டாதீங்க" என்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கீழே கிடப்பது யார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நண்பர்கள் இரண்டு பேர். தாடி வைத்த ஒருவன், உயரமான ஒருவன். நான் வந்ததும் தாடிக்காரன் கணவரின் தலையை ஜாகாவிடமிருந்து தன் கைக்கு வாங்கிக்கொண்டான். உயரமானவன் ஜாகாவைக் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

"யோவ் பெருசு, மனுசனா நீ? பன்னிக்குக் கண்ணி வைக்கிற மாதிரி வெச்சிருக்க?"

"மேனேஜரு சொன்னாரு தம்பி. சாக்கு கட்டித்தான்..."

முதல் அடி கையால். இரண்டாவது அடி அவன் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டால். மட்டையால் அடித்தது போலச் சத்தம் வந்தது. ஜாகா அண்ணன் செம்பனை மரத்தில் மோதி உட்கார்ந்தார்.

"போர்டு எங்கடா? போர்டு வெக்காம யாருடா கம்பி கட்டுவான்?"

"போர்டு திங்கக்கெழம வரும்னாங்க."

"யார் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "தெரியலப்பா" என்றார்.

மூன்றாவது அடி. நான்காவது. என் வாய் திறக்கவில்லை. கார் எனக்குப் பின்னால் ஐந்தடியில் நின்றது. சொன்னால் கீழே கிடக்கும் என் கணவரின் காதில் விழும், அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார், அதுதான் என் யோசனை. ஒரு மனிதரை அடித்துக் கொல்கிறார்கள், நான் வீட்டுப் பேச்சை யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது அடி காதோரத்தில் விழுந்தது. ரத்தம் காதிலிருந்தே வந்தது. மகள் வீறிட்டாள்.

அப்போதுதான் நான் காரின் பின்கதவைத் திறந்தேன். தள்ளுவண்டியை இழுத்து வெளியே எறிந்தேன். பலகையைத் தூக்க முடியாமல் ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் நடுவே போட்டேன். சிவப்பில் வெள்ளை எழுத்து. ஆபத்து என்று மூன்று மொழியில்.

"என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் திங்கக்கெழமன்னு சொன்னேன். அவர விடு."

உயரமானவன் ஹெல்மெட்டை ஓங்கியபடியே நின்றான். என்னை அடிப்பான் என்றுதான் நினைத்தேன். மகள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். அவன் பலகையை உதைத்தான். மறுபடி மறுபடி உதைத்து அதை மடக்கினான். "அண்ணி, ஒங்களுக்கு... தெரிஞ்சுமா?" என்றான். பிறகு சேற்றில் உட்கார்ந்து அழுதான். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

ஜாகா வேண்டுமென்றே பொறி வைத்தார் என்று நண்பர்கள் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நானும் போய் எழுதிக் கொடுத்தேன். படத்தைக் காட்டினேன், பலகையைச் சொன்னேன், ஐந்து அடிகளையும் சொன்னேன். "புருஷன் ஆஸ்பத்திரியில கெடக்கான், இவ அவன் கூட்டாளிங்கள உள்ள தள்ளப் பாக்குறா" என்றார் மாமியார். அவர் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. நானும் அவரிடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஜாகா அண்ணனுக்கு இடது காது போய்விட்டது. ஆபிசுக்கு வந்தால் வலது பக்கத்தை என் மேசைக்குத் திருப்பி நின்று பேசுகிறார். அவர் அந்தப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது அடி, நான்காவது அடி என்று எனக்குள் எண்ணிக்கை ஓடுகிறது.

மூன்று வாரம் கழித்துக் கணவர் வீட்டுக்கு வந்தார். மார்பைச் சுற்றிக் கட்டு. பேசினால் வலிக்கும் என்பதால் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் காலை மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் போறது ஒனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"எத்தன நாளா?"

"மொதல்லேர்ந்து. காலொறையில புல்லு இருந்துச்சு."

அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, மகளின் உச்சந்தலைக்குக் கொண்டுபோனார். பிடி இறுக்கமாக இருந்தது.

"சொல்லு. மறந்துதான் போயிட்ட. நான் அடிபடணும்னு ஒரு நிமிஷங்கூட நெனைக்கலன்னு இவ தலையில வெச்சு சொல்லு. அவ்ளோதான். அப்புறம் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

சொல்வது சுலபம். மறக்கவில்லை, ஆனால் அடிபட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நினைக்கவில்லைதானே? சனிக்கிழமை சாயங்காலம் போனைக் கவிழ்த்தபோது, அந்த ஒரு கணத்தில், போகட்டும், பட்டுத்தான் தெரியட்டும் என்று எனக்குள் ஏதாவது ஓடியதா? தேடிப் பார்க்கிறேன். இல்லை என்று தோன்றும்போதெல்லாம், இருந்தது என்றும் தோன்றுகிறது.

அவள் முடி என் உள்ளங்கையில் பட்டது. வியர்த்து, சூடாக இருந்தது. கையைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. இன்னும் பலமாகப் பிடுங்கினேன். கஞ்சிக் கிண்ணம் விழுந்து உடைந்தது. உடைந்த தோளில் என் முழங்கை இடித்து அவர் அலறினார்.

"இவ தலை வேணாம்" என்றேன். "எதுவா இருந்தாலும் என்னக் கேளுங்க. வாயால சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நான் குனிந்து, மகள் காலில் குத்தாமல், கிண்ணத்தின் துண்டுகளைப் பொறுக்கினேன்.