நாலாம் இடத்துச் செம்பு

அப்புத்துரைக்குச் சங்கீதத்தில் ஒரு மண்ணும் தெரியாது. அதை அவரே வெட்கப்படாமல் சொல்லுவார். வட்டக்கச்சியில் ஓர் அரிசி மில்லில் முப்பது வருசம் எஞ்சினோடு மல்லுக்கட்டின மனுசன். பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைப்பதென்றாலும் நாலு வளவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தித்தான் கதைப்பார். அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தவளைப் பாருங்கோ, சங்கீத ரீச்சர்! நேசமலர் ரீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நடுக்கம். சுருதி விலகினால் பிரம்பெடுக்க மாட்டா. ஒரு பார்வை பார்ப்பா, அவ்வளவுதான், பிள்ளை தானாகச் சுருதிக்குத் திரும்பிவிடும்.

"உங்கட காதை மில்லுக்கு எழுதிக் குடுத்திட்டியள். எனக்கு மிச்ச ஆள் போதும்" என்று கலியாணம் முடித்த புதிதிலேயே சொல்லிவிட்டா. அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். ரீச்சர் பாடினால் பாடட்டும், இவர் பாட்டுக்கு வெளியில் விறகு கொத்திக்கொண்டிருப்பார்.

சங்கீதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவவுக்குப் பழஞ்சாமான் விசரும் சேர்ந்து இருந்தது. அதுவும் ஊரில் இல்லாத விசர். மற்றவர்கள் எவ்வளவு பழையது, என்ன வேலைப்பாடு என்று பார்ப்பார்கள். ரீச்சர் தட்டிப் பார்ப்பா. நடுவிரலை மடக்கி ஒரு தட்டு, தலையைச் சரித்து ஒரு கேட்பு. நாதம் நின்று இழுத்தால் எடுப்பா. டொக்கென்று போனால் ராசா வீட்டுச் சாமானென்றாலும் திருப்பியும் பார்க்கமாட்டா.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் சண்டை கிட்டவர ஊரோடு சேர்ந்து அவர்களும் வெளிக்கிட்டபோது, அதுவரை சேர்த்த அவ்வளவையும் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டின பங்கருக்குள் அடுக்கி மண்ணால் மூடிவிட்டுத்தான் போனார்கள். எல்லாரும் செய்ததுதான். ரீச்சர் கையில் எடுத்தது ஒரேயொரு வெண்கலச் செம்பு, அவவின் தாய் சீதனத்தோடு தந்து விட்டது. மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம் வரைக்கும் அவரும் அவவும் மகள் கஜனியும் தண்ணி குடித்தது அந்தச் செம்பில்தான். முகாமில் காலமை கண் முழித்ததும் கூடாரத்துக்குள் இருந்து அதை ஒரு தட்டுத் தட்டுவா.

"விசரே உமக்கு? சனம் நித்திரையெல்லே!"

"சும்மா இருங்கோப்பா. எல்லாம் போயிட்டுது. இதின்ர சத்தமாவது அப்பிடியே இருக்கோ எண்டு பாக்கிறன்."

திரும்பி வந்தபோது பங்கர் இருந்தது, சாமான் இல்லை. யாரோ கிண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குக் கூரையும் இல்லைத்தான். கூரைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசி, அந்தக் கிடங்கடியில் குந்தியிருந்து குழறினா.  அப்புத்துரை கிணற்றை இறைக்கப் போய்விட்டார்.

பிறகு ரீச்சர் முதலில் இருந்து தொடங்கினா. பழைய இரும்பு எடுக்கிற மூக்கன் மோட்டர் சைக்கிளில் ஊரூராகப் போய்விட்டு வந்து முதலில் ஹோர்ன் அடிப்பது இவர்களின் படலையில்தான். "ரீச்சர், ஒண்ணு அகப்பட்டிருக்கு. தட்டிப் பாருங்க!" ரீச்சர் அடுப்பில் கிடந்த கறியை விட்டுவிட்டு ஓடுவா. பத்தில் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்துவிடுவா, மூக்கனும் கோபிக்கமாட்டான். இப்படித்தான் தண்ணி குடிக்கிற மூக்குப்பேணி வந்தது, வெற்றிலைத் தட்டம் வந்தது, இரண்டு கிண்ணம் வந்தது, பிடி உடைந்த கைமணி ஒன்று வந்தது. பன்னீர்ச் செம்பு வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். உருத்திரபுரத்தில் ஒரு கலியாண வீடு. வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெட்டையின் கையில் இருந்து செம்பைப் பறித்து, டங்கென்று தட்டி, "இது எங்கை எடுத்தது பிள்ளை?" என்று கேட்டா பாருங்கோ! மாப்பிள்ளை பகுதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்புத்துரைக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருசம் சும்மா சங்கீதம் சொல்லிக் கொடுத்துத்தான் அந்தச் செம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தா.

ஏழு சேர்ந்ததும் ரீச்சர் நிறுத்திவிட்டா. விறாந்தையில் ஒரு நீளப் பலகை அடித்து, ஏழையும் வரிசையாக வைத்தா. தாய் தந்த வெண்கலச் செம்பு நட்ட நடுவில், நாலாம் இடத்தில். பெரிசு சிறிசு பார்த்து வைக்கவில்லை. கைமணிக்குப் பக்கத்தில் தட்டம், தட்டத்துக்குப் பக்கத்தில் கிண்ணம் என்று பார்க்க ஒரு ஒழுங்கும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலமை அகப்பைக் காம்பால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஏழையும் ஒருமுறை தட்டிக்கொண்டு போவா. சின்னதாய் ஒரு மெட்டு எழும்பி, நடுவில் கொஞ்சம் தங்கி, இறங்கும். கஜனி கனடாவுக்குப் போன பிறகும், அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கோல் எடுத்து அதைக் கேட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவாள். அப்புத்துரைக்கு அது தேத்தண்ணி மணி. சத்தம் கேட்டால் கிணற்றடியில் இருந்து வருவார், தேத்தண்ணி இருக்கும். பத்து வருசத்துக்கு மேல் இதுதான் நடந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து கதிரையில் இருந்த ரீச்சர் பிறகு எழும்பவில்லை. டொக்டர் இதயம் என்றார். அறுபத்துமூன்று வயது. கனடாவில் விசா அலுவல் முடியாமல் கஜனி செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடித்து, வீட்டில் கிருத்தியம். ஐயர் தானத்துக்குச் சாமான் லிஸ்ற் தந்திருந்தார். குடை, செருப்பு, பாய், தலையணை, செம்பு, அரிசி, மரக்கறி. எல்லாம் கிளிநொச்சியில் வாங்கி வந்து தயாராய் இருந்தது. இந்த இடத்தில்தான் அப்புத்துரை ஒரு வேலை செய்தார். கடையில் வாங்கின செம்பு பளபளவென்று இருந்தது. தூக்கிப் பார்த்தார், தகரம் மாதிரிப் பாரமே இல்லை. தானம் கொடுக்கிறதுதான் செத்தவையின் கைக்குப் போய்ச் சேரும் என்று சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்தவர். நேசமலர் இதைக் கையில் வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாளென்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? மனம் கேட்கவில்லை. எழும்பிப் போய்ப் பலகையில் நாலாம் இடத்தில் இருந்த வெண்கலச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அரிசி நிரப்பி, வெற்றிலை வைத்து, இரண்டு கையாலும் ஐயரிடம் கொடுத்தார். அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது. தாய் கொடுத்த சாமான் அவளிடமே போய்விட்டது.

சனம் போனது. மற்றவர்களின் வீட்டில் எப்படியோ தெரியாது, அப்புத்துரையின் வீட்டில் அன்றைக்குப் பின்னேரமே சத்தம் செத்துப்போனது. கத்திக் கதைத்துப் பழகின தொண்டை. இப்போது மீன்காரனிடம் "ஓம், அரைக்கிலோ" என்று சொல்லும்போதுதான் அன்றைய முதல் கதை வாயில் இருந்து வரும், அதுவும் கரகரத்துத்தான் வரும். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு எவ்வளவு தண்ணி வைப்பதென்றே தெரியாமல் நாலு நாள் மிச்சத்தை ஊற்றினார்.

ஒரு காலமை கஜனி கோல் எடுத்தாள். "அப்பா, அம்மா அடிக்கிறதை ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோவன். ஒருக்காக் கேட்டால் காணும் அப்பா."

"அதுக்கென்ன பிள்ளை!" என்று அகப்பையை எடுத்துக்கொண்டு பலகையடிக்குப் போனார். ஒன்று, இரண்டு, மூன்று தட்டினார். நாலாவதில் அகப்பைக் காம்பு வெறும் பலகையில் டொக்கென்று விழுந்தது.

 தானம் கொடுக்கும்போது செம்பைத்தான் நினைத்தாரே தவிர, அது போனால் அந்த மெட்டும் போய்விடும் என்று ஒரு துளி நினைக்கவில்லை. மில்லில் ஒரு பல்லுச் சில்லைக் கழற்றினால் எஞ்சின் ஓடாதென்று தெரிந்த மனுசன், சொந்த வீட்டில் அதைச் செய்திருக்கிறார்.

"என்னப்பா, நிப்பாட்டிட்டியள்?"

"கோல் விட்டு விட்டுக் கேக்குது பிள்ளை. பேந்து அடிக்கிறன்."

மூன்று நாள் நித்திரை இல்லை. திருப்பிக் கேட்கவேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் எப்படிக் கேட்பது? கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்ட ஆளை ஊரில் யாரும் கண்டதில்லை. அதைவிட இன்னொன்று அவரைக் குடைந்தது. அங்கே அது அவளின் கைக்குப் போயிருக்கும். முகாமில் செய்த மாதிரிக் காலமை எழும்பித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளின் கையில் இருந்து பறிக்கிறதா? அட கோதாரி, என்ன வேலை செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாலாம் நாள் கடைச் செம்பை ஒரு பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு பரந்தனுக்கு ஐயர் வீட்டுக்குப் போனார். வழியில் இரண்டு தரம் இறங்கி நின்று, திரும்புவமோ என்று யோசித்தார். ஐயர் இளம் ஆள், நல்ல மனுசன். அப்புத்துரை கதிரை நுனியில் இருந்துகொண்டு, தன்னுடைய குரல் தனக்கே கேட்காத மாதிரி மெல்லச் சொல்லி முடித்தார்.

ஐயர் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "குடுத்ததை நீங்கள் திருப்பி எடுக்கேலாது அண்ணை," என்றார். "ஆனால் என்ர கைக்கு வந்தது இப்ப என்ர சாமான்தானே? என்ர சாமானை நான் உங்களுக்குத் தாறன். இதிலை ஒரு பிழையும் இல்லை."

"அவவுக்குப் போய்ச் சேர்ந்தது... அது இல்லாமல் போகாதோ ஐயா?"

"சேர்ந்தது சேர்ந்ததுதான் அண்ணை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

ஐயரின் மனுசி உள்ளே போய்ச் செம்பைக் கொண்டுவந்தா. முகம் ஒரு மாதிரி இருந்தது. "கிணத்துக் கட்டிலை இருந்து ஒருக்கா விழுந்திட்டுது, அண்ணை. நான் அறியேல்லை, இவ்வளவு பெறுமதியான சாமான் எண்டு." அடிவயிற்றில் ஒரு சின்ன நெளிவு. விரல் நுனி வைத்தால் மறைந்துவிடும். வெடிப்பு ஒன்றும் இல்லை. ஐயர் வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். நாதம் நீளமாய் இழுத்தது. "நல்லாத்தானே கிடக்கு!" என்றார். அப்புத்துரைக்கும் உயிர் வந்தது. கொண்டுபோன கடைச் செம்பை அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வைத்துவிட்டு வந்தார். வரும்போது சைக்கிள் பறந்தது.

அடுத்த நாள் காலமை குளித்து, திருநீறு பூசி, நாலாம் இடத்தில் செம்பை வைத்தார். அது முன்னர் இருந்த இடத்தில் பலகையில் வட்டமாய் அடையாளம் இருந்தது, அதற்குள் சரியாய் வைத்தார். அகப்பையை எடுத்தார். கஜனிக்குக் கோல் எடுக்கமுதல் தானே ஒருதரம் அடித்துப் பார்ப்போம் என்று நினைத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

அப்புத்துரையின் கை அப்படியே நின்றுவிட்டது.

அது இல்லை. மெட்டு எழும்பி வந்து தங்குகிற இடத்தில் தங்கவில்லை. கொஞ்சம், ஒரு மயிரிழை, கீழே இறங்கி நின்றது. திரும்ப அடித்தார். திரும்பவும் அப்படித்தான். நெளிவை மற்றப் பக்கம் திருப்பி வைத்து அடித்தார். பலகையைத் துடைத்துவிட்டு அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. மற்ற ஆறும் அவவின் கையால் வந்த மாதிரியே வந்தன, இது மட்டும் வேறு யாரோ வீட்டுச் செம்பு மாதிரி நின்றது.

இது எப்படித் தனக்குத் தெரிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ச என்றால் என்ன, ப என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. கிணற்றடியில் பல்லு விளக்கிக்கொண்டு, வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியை நினைத்துக்கொண்டு நின்ற அத்தனை காலமையும் காதுக்குள் போயிருக்கிறது. "இஞ்சாரும், உம்மட நாலாவது பிழைச்சுப் போச்சு" என்று ஒருநாள் அவர் சொல்லியிருந்தால், ரீச்சர் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பா. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பா. வாழ்நாளில் அவர் அவவுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஆக நல்ல கதை அதுதான். அது இன்றைக்குத்தான் வாயில் வந்தது. விறாந்தையில் ஒருவரும் இல்லை.

போன் அடித்தது. கஜனிதான்.

"அப்பா, இப்ப வடிவாக் கேக்குது. அடியுங்கோ."

போனைப் பலகையில் சாத்தி வைத்துவிட்டு அடித்தார். ஏழும் முடிந்தது.  அங்காலே கஜனி விம்மி விம்மி அழுகிறது கேட்டது.

"அச்சொட்டா அம்மா அடிக்கிற மாதிரியே இருக்கப்பா. அப்பிடியே அம்மா, என்னப்பா?"

அப்புத்துரை செம்பைப் பார்த்தார். நெளியமுதல் அதன் சத்தம் எப்படி இருந்ததென்று இந்த உலகத்தில் தெரிந்த ஆள் இனித் தான் ஒருவர்தான் என்று நெஞ்சுக்குள் ஏறியது. 

"ஓம் பிள்ளை," என்றார். "அப்பிடியேதான். நாளைக்கும் அடிக்கிறன், எடு."