மீற்றர் ஊசி எழும்பிய மத்தியானம்

நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், ஆவி, கண்ணூறு ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் ரேடியோ திருத்துகிறவன், பழுது பார்க்கிற மீற்றரின் ஊசி சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு. கடைசியில் அந்த ஊசியே என்னைக் கவிழ்த்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லாமல், பற்றரி வருவதும் நின்றுபோயிருந்த காலம் அது. குருநகர் பிலோமினா தன் அம்பிளிபயரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு என் வீட்டு முன்னறைக் கடைக்கு வந்தாள். கார் பற்றரியில் பாடுகிற பழைய ஜப்பான் செற். அவள் கணவன் அந்தோனி அதை வைத்துத்தான் கோயில் திருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டினவன். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு அவளே லவுட்ஸ்பீக்கர் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கூரை ஏறினாள். மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு.

அன்று பின்னேரமே திறந்து பார்த்தேன். சத்தத்தைப் பெருக்குகிற பெரிய திரான்சிஸ்டர் இரண்டில் ஒன்று எரிந்திருந்தது. புதிதுக்கு எங்கே போவது? அடுத்த நாள் மாதா கோயில் திருநாளுக்குக் கொடியேற்றம். காலையில் பிலோமினா திரும்பி வந்த கையோடு கோயில் மூப்பரும் என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நாலு மணிக்கு முன்னம் சத்தம் கேக்காட்டில் வேறை ஆளைத்தான் பிடிப்பம், பிள்ளை. பிறகு என்னைக் குறை சொல்லாதை."

வேறு ஆள் ஒருதரம் உள்ளே வந்தால் அந்தக் கோயில் அவளுக்கு இனி இல்லை. அவள் ஒரு பால்மா ரின்னை என் மேசையில் கவிழ்த்தாள். அந்தோனி பழைய செற்றுகளில் கழற்றிச் சேர்த்த திரான்சிஸ்டர்கள், எல்லாம் அதே இனம், நாற்பதுக்குக் குறையாது.

"இதுக்குள்ளை ஒண்டாவது உயிரோடை இருக்கும், அண்ணை. பாருங்கோ."

அந்தோனியிடம் ஒரு பழக்கம் இருந்தது. மீற்றரின் ஒரு வயரைத் திரான்சிஸ்டரின் ஒரு காலிலும் மற்றதை அதன் உலோக உடம்பிலும் வைத்துவிட்டு, எச்சில் தொட்ட விரலால் மற்றக் காலையும் உடம்பையும் சேர்த்துத் தொடுவான். நல்லதென்றால் ஊசி எழும்பும். "என்னடாப்பா, ஊறுகாய் ருசி பாக்கிறியோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். நான் விரல் வைப்பதில்லை, வயரைக் கால் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன், எனக்கு மீற்றர் போதும்.

ஒவ்வொன்றாக வயரை வைத்துப் பார்த்தேன். ஊசி அசையவே இல்லை. பத்து, இருபது, முப்பது, எல்லாவற்றையும் செத்தது செத்தது என்று எறிந்துகொண்டே போனேன். பிலோமினா எழுந்துபோய் வாசல் படியில் முதுகு காட்டி இருந்தாள். மணி இரண்டரை. கடைசியாக ஒன்று, அதுவும் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"பெரிய விரல்காரன் நீ. வை பாப்பம், அந்தோனி, உன்ரை விரலை!" என்றேன், வாய்விட்டே.

நம்பினால் நம்புங்கள், ஊசி எழும்பியது. என் இரண்டு கையும் வயரில் இருக்கிறது, பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஊசி மெல்ல மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. பிறகு விழுந்தது. பிறகு திரும்பவும் ஏறியது. திரான்சிஸ்டரை எடுத்தேன், அதன் மற்றக் கால் ஈரமாக இருந்தது.

பிலோமினாவிடம் ஒன்றும் சொல்லாமல் அதையே பொருத்தி ஈயம் வைத்தேன். கார் பற்றரியைக் கொடுத்ததும் குழாய் ஒருதரம் செருமியது. அவள் ஓடிவந்து மைக்கைப் பறித்து, "மூப்பர், கேக்குதோ? நாலு மணிக்கு இன்னும் நேரமிருக்கு!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

பின்னேரம் கொடி ஏறும்போது கரையில் வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் பாட்டுக் கேட்டது. ஒரு கரகரப்பு இல்லை. அடுத்த வருடமும் பிலோமினாவின் செற்தான் என்று மூப்பர் அதே மைக்கில் சொல்லவேண்டி வந்தது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ராசா மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி சரசு கையில் இரண்டு பற்றரியோடு நின்றாள்.

"இந்தாங்கோ, உங்கடை மீற்றர் பற்றரி. காலமை நீங்கள் குளிக்கேக்கை கழட்டி மிளகாயோடை வெயிலிலை போட்டனான். இப்ப கொஞ்சம் உசாராகியிருக்கும்."

களைத்த பற்றரியை ஊரே அப்படித்தான் காயவைத்தது. மீற்றரின் பின்மூடியைத் திறந்தேன், உள்ளே வெறுமை. வயர் இரண்டையும் முட்டி ஊசி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். அன்று அவசரத்தில் அதைச் செய்யவில்லை. பற்றரி இல்லாத மீற்றரில் எதை வைத்தாலும் ஊசி அசையாது. அப்படியென்றால் நான் எறிந்ததில் நல்லவையும் இருந்திருக்கும், தற்செயலாக ஒன்று அகப்பட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பற்றரியைப் போட்டு எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். அத்தனையும் உண்மையாகவே செத்தவை.

மறுநாள் பிலோமினாவிடம் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவர் எந்தக் காலம் அண்ணை உங்கடை மீற்றரை நம்பினவர்?"

அவளுக்கு ஒன்றை மட்டும் நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் காலில் இருந்த ஈரத்தை அன்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. உப்பு. வியர்வையும் உப்புத்தானே என்பீர்கள். கடற்கரையில் வளர்ந்தவன் நான், வியர்வை எது, கடல்தண்ணீர் எது என்று எனக்குத் தெரியும்.