ஊர் பார்த்த விளக்கு

அடுத்தவர் மூளையில் விளைந்ததைப் பார்த்து, ‘இது புதிது, இதற்குப் பேடண்ட் வாங்கலாம்’ என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். பிறர் கெட்டிக்காரத்தனத்தில் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் தலை ஏன் இன்னும் நிமிரவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

யுத்த காலம் அது. பூந்தமல்லியில் அரிசி மில் வைத்திருந்த எங்கள் முதலாளி, புங்க எண்ணெயில் சோப்பு செய்வதற்காக அம்பத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் நடத்தினார். சோப்பை ஆராய ரசாயனி வரதன், வரதனை ஆராய நான்.

விசேஷம் உண்டா?

முதல் நாளே வரதனிடம் புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவருடைய சோப்பு வருஷக்கணக்கில் உறையாமல் கூழாகவே கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், உத்தியோகம் அதுதானே, வாராவாரம் போய்க் கேட்டேன். கல்யாணமாகி வெகுநாள் ஆன வீட்டில் போய் விசேஷம் உண்டா என்று விசாரிக்கிற ஆள் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அம்பத்தூருக்கு நான்.

ஒரு நாள் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “விசேஷம் இருந்தா நானே சர்க்கரையோட வந்து சொல்றேன் சார். நீங்க இப்படி வந்து வந்து கேட்காதீங்க.”

வாழையிலை

கேட்கக் கூடாதென்றால் பார்க்கத்தானே வேண்டும்? சோப்புக் கூழ் அச்சில் ஒட்டாமலிருக்க வரதன் உள்ளே வாழையிலை போட்டிருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்கத்தா பேடண்ட் ஆபீஸுக்கு அனுப்புவதற்காக, ‘தாவர இலையைத் தடுப்பாகப் பயன்படுத்தும் புதிய முறை’ என்று இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினேன்.

முதலாளி அதை மில் ஆட்கள் நடுவே ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லி, அர்த்தமும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டார்: “எங்க ஊட்ல இட்லித் தட்டுல துணி போடறாங்களே நைனா, அதுக்கும் கல்கத்தாவுக்கு எழுதிப் போட்டுடலாமா?”

கண்ணெரிச்சல்

பொங்கலுக்குள் ஒரு பேடண்டாவது வராவிட்டால் கூடத்தைக் காலி செய்து நெல் மூட்டை அடுக்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். வரதனுக்குத் திருநின்றவூரில் வாடகை வீடு, நான்கு பிள்ளைகள். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்த வாரம்தான் அவர் மேஜையிலிருந்த விளக்கைக் கவனித்தேன். கிருஷ்ணாயில் கிடைக்காத காலம். புங்க எண்ணெய் ஊற்றியிருந்தார். புங்க எண்ணெய் என்றால் புகை பிடுங்கித் தின்னும். இதிலோ கண்ணாடியில் ஒரு பொட்டு கரி இல்லை. திரிக்குழாயின் அடியில் சாய்வாகத் துளையிட்டு, காற்று சுழன்று மேலே வரும்படி செய்திருந்தார். எங்கெங்கோ தேடி விசாரித்தும் அப்படி ஒரு விளக்கு எங்கும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாங்கும் சம்பளம் எனக்கே நியாயமாகப் பட்டது.

வரதன் நம்பவில்லை. “இதுவா? இது கண்ணெரிச்சலுக்காகப் பண்ணிக்கிட்டது சார். என் கண்டுபிடிப்பு சோப்புதான்.”

பூஜை

விவரமெல்லாம் எழுதி முடித்தேன். இடையில் ஆயுத பூஜை வந்தது. விடுமுறை கழித்து, பட்டணத்தில் பேடண்ட் வக்கீலிடம் போவதாக ஏற்பாடு. அன்று கருவிகளுக்கெல்லாம் ஓய்வு. சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்த அவற்றின் நடுவே விளக்குக்கு மாலை போட்டு ஏற்றி வைத்தேன். ஊரே வந்தது. கோவில்பதாகையிலிருந்து தகர வேலை செய்கிறவர் ஒருவர் வந்து புகை ஏன் வரவில்லை என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துளையைக் காட்டி, காற்று போகிற வழியைக்கூட விளக்கினேன். பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பினேன்.

விண்ணப்பம் போடும் முன் வெளியே காட்டினால் பேடண்ட் போச்சு என்று வரதனுக்கு வாய் ஓயாமல் சொன்னவனும் நான்தான். ஆனால் சாமிக்கு முன் வைப்பது வெளியே காட்டுவதாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே யாராவது பார்த்தார்களா என்று வக்கீல் கேட்டபோது, பெருமையாக ஊரே பார்த்து மெச்சியது என்றேன். அவர் பேனாவை மூடினார்.

“ஊரே பார்த்ததைப் புதுசுன்னு நான் எப்படி சார் எழுதுவேன்?”

கடைசி நாள்

பொங்கல் கழிந்து நெல் மூட்டைகள் வந்தன. அதற்குள் ஆவடிக் கடைகளில் அதே விளக்கு தொங்க ஆரம்பித்திருந்தது. வரதன் சீசாக்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். போகிற இடம் இன்னும் தெரியவில்லை என்றார். அவர் நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று வாசலிலேயே நின்றேன்.

அவர் பெட்டியைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். “இத்தனை வருஷத்துல என் வேலையைப் பார்த்து இது கண்டுபிடிப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் சார். உங்களைத் திட்ட எனக்கு வாய் வரல.”

புதியதைக் கண்டுகொள்ளக் கண்ணும், அதைக் காப்பாற்ற மூடிய வாயும் வேண்டிய இந்தத் தொழிலுக்கு, நான் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.