ஹைட்ரஜன் வண்டி போட்ட சத்தம்

போன வருடம், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சாத்தூருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் காலை எட்டு மணிக்கு மேல் ஆள் நடமாட்டமே இருக்காது. பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போயிருப்பார்கள், மீதிப் பேர் தீப்பெட்டி ஆபீசில் இருப்பார்கள். நான் டூவீலர் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதன் ஒருவன் இப்போது பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஹைட்ரஜன்ல பஸ்ஸே ஓட்டுறாகளாம்லே. ஒன்னோட நூறு சிசி வண்டி ஓடாதாக்கும்?" என்று கேட்டுவைத்தான். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

தண்ணீரில் கரண்டைப் பாய்ச்சினால் ஹைட்ரஜன் பிரியும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு பழைய லாரி ட்யூபில் அடைத்தோம். ட்யூபிலிருந்து வரும் குழாய் ஒரு தண்ணீர் கேனுக்குள் போய், அங்கிருந்து இன்ஜினுக்குப் போகும். இன்ஜினிலிருந்து நெருப்பு பின்னால் வந்தாலும் கேனில் உள்ள தண்ணீர் தடுத்துவிடும் என்று ஏற்பாடு.

நெருப்பு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இருவரும் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டோம். செல்போனை வீட்டுக்குள் வைத்தோம். மணல் வாளி வைத்தோம். பட்டாசுக்கு மருந்து கலக்கப் போகிறவர்கள் செய்வதைப் போல, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று தரையில் எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் போனோம். வேலை நாளாகப் பார்த்து நாள் குறித்ததும் நான்தான். ஏதாவது ஏடாகூடமானாலும் தெருவில் ஆள் இருக்காது, யாருக்கும் அடிபடாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்குப் பெருமை வேறு.

பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு கிக்கரை மிதித்தேன். நாலைந்து மிதியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பெட்ரோலில் ஓடும் சத்தமே இல்லை, வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம். "ஓடுதுலே" என்று சிநேகிதன் மெதுவாகச் சொன்னான். உரக்கச் சொன்னால் நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயம். நான் சும்மா இருந்திருக்கலாம். கை அரித்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினேன்.

டமார் என்று ஒரு சத்தம். தண்ணீர் கேன் வெடித்து எங்கள் இருவரையும் குளிப்பாட்டிவிட்டது. தண்ணீர் தன் வேலையைச் செய்திருந்தது. ட்யூபுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்கும் ஒரு கீறல் கூட இல்லை. ட்யூபின் வாயை அடைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஆனால் தகரக் கொட்டகை அந்தச் சத்தத்தைப் பத்து மடங்காக்கி ஊருக்குள் அனுப்பியிருந்தது.

வாசலுக்கு வந்தால், மற்ற வீடுகளில் இருந்த நாலைந்து பெண்களும் தெருவில் நிற்கிறார்கள். ஒருவர்கூட எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் கம்பெனிகள் இருக்கும் திசையில், வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் போன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது தெரிந்தும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் மருந்து கலக்கும் வேலை பார்ப்பவர். அந்தப் பெண்ணை மட்டும் காணவில்லை. "அவ அப்பவே ஓடிட்டாளே பாய்" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. தெருவில் இருந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லச் சிநேகிதனை விட்டுவிட்டு, இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு விரட்டினேன்.

செருப்பில்லாமல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார். "யம்மா, நில்லுங்க. அது எங்க வண்டிச் சத்தம். கம்பெனியில ஒண்ணும் இல்ல" என்றேன். நிற்கவே இல்லை. "பொய் சொல்லாதீக பாய். எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாக" என்றார். வண்டியில் ஏறச் சொல்லி நேரே கம்பெனி கேட்டுக்கே கொண்டுபோனேன்.

வாட்ச்மேனிடம் கெஞ்சி ஆளை வரச் சொன்னோம். முகமெல்லாம் அலுமினியப் பொடியோடு அவர் ஓடிவந்தார். "என்னத்தா, பிள்ளைகளுக்கு என்னமும் ஆயிருச்சா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். வேலை நேரத்தில் கேட்டுக்கு வரச் சொன்னால் அவர்களுக்கும் அதே பயம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்" என்றார் அந்தப் பெண். தலையிலிருந்து கால்வரை கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தண்ணியில இருந்து எடுத்த கேஸா? அதுலயா வண்டி ஓடுச்சு?" என்றார். "இப்ப இதுதான் ரொம்ப முக்கியம்" என்று அழுகையோடு அழுகையாக மனைவி அவரைத் திட்டினார். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த நாட்களில் மறுபடி முயன்றோம். நெருப்பு மறுபடி பின்னால் வராமல் இருக்க, இன்ஜினில் படிந்திருந்த கரியைச் சுரண்டினோம், புது பிளக் போட்டோம், ஸ்பார்க் விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தோம். அன்றைக்கு அந்தப் பெண்ணே வீடு வீடாகப் போய், "பாய் வீட்டுல வண்டி ஓட்டிப் பாக்காக. சத்தம் கேட்டா பயந்துராதீக" என்று சொல்லிவிட்டு வந்தார். கணவரும் கூட நின்றார். ட்யூப் வற்றும் வரை வண்டி ஒழுங்காக ஓடியது. சைலன்சரில் புகையும் இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் வடிந்தது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி மனைவியிடம் காட்டினார். "இதுக்கா என்னைய அம்புட்டுத் தூரம் ஓட வச்சீக?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டதும் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை.

இப்போதும் ஏதாவது வண்டி என் கையில் வெடித்துத் துப்பினால், நான் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை, வாசலுக்குப் போய், "நம்ம வீட்டுச் சத்தம்தான்" என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு வந்துதான் ஸ்பேனரைத் தொடுகிறேன்.