படுக்க வைத்து மாட்டிய படம்

டிசம்பர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் பக்கம் யாராவது விருந்தாளியாகப் போனால் அவர்களுக்குக் காப்பி கிடைக்காது, ஒட்டடைக்கோல்தான் கிடைக்கும். சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. லைன் வீடு என்பார்கள். அன்று கட்டில், பீரோ, டிவி, அரிசி டின் எல்லாம் தெருவுக்கு வந்து வெயில் காயும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நிற்கும் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் கூரையைத் தட்டினால் அந்தப் பக்கத்துக் குழம்பில் கரி விழும். அதனால் ஜாய் கிறிஸ்துமஸுக்காக வீட்டைக் கவிழ்க்கும் அதே நாளில், பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவும் பொங்கலுக்கான சுத்தத்தை ஒரு மாதம் முன்கூட்டியே முடித்துவிடுவார். யார் முதலில் தட்டுவது என்பதில் வருஷா வருஷம் ஒரு சின்னச் சண்டை உண்டு. அது இல்லாவிட்டால் இரண்டு பேருக்குமே பண்டிகை வந்த மாதிரி இருக்காது.

ஜாய்க்கு நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. பேச்சு குறைவு, ஆனால் பேசினால் கேள்விதான். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் தையல்காரர் மகளாகப் பிறந்தவள். அந்த ஊரில் மைனில் வேலை பார்க்காத தகப்பன் என்பது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய விஷயம். மேக்ஸ்வெலைக் கட்டிக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் வந்தபோது, மைன் என்றால் என்ன என்பதை அவள் சுவரைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நடுச்சுவரில் ஷிப்ட் உடையில் மாமனார் போட்டோ. அதற்குக் கீழே ஆணியில் அவருடைய ஹெல்மெட். இடது பக்கம் மாமனாரின் அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த சர்ட்டிபிகேட், கண்ணாடி போட்டு. வலது பக்கம் சுரங்கக் குழியின் மேல் நிற்கும் ஷாப்ட் கோபுரம் அச்சடித்த பழைய காலண்டர், தேதி கிழிந்து முடிந்தும் படம் மட்டும் தொங்குகிறது. அலமாரியில் தங்கம் இருக்கலாம் என்று யாரோ சொன்ன ஒரு வெள்ளைக் கல்.

"மைன் மூடி இத்தினி வருசம் ஆச்சு. நம்ம வூட்டுல மட்டும் ஷிப்ட் நடந்துகினே இருக்குது," என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். மேக்ஸ்வெல் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவருக்கு ஒன்பது வயதாகும்போது, பூமிக்கடியில் பாறை வெடித்து அப்பா போய்விட்டார். அந்தச் சுவர்தான் அவருக்கு அப்பா. அது ஜாய்க்கும் தெரியும், அதனால் அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விடியும் முன் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு பெரிய கம்பெனியின் மூன்றாம் மாடியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அவள் வேலை. அந்த மாடியின் வரவேற்பறையில் ஒரு படம் இருந்தது. ஆள் உயரம், மூன்றடி அகலம். பழுப்பும் கறுப்புமாகப் பூசிய பரப்பில் மேலிருந்து கீழே இறங்கும் மஞ்சள் கோடுகள். நடுவில் குறுக்கே தடித்த ஒரு கறுப்புப் பட்டை. இடது ஓரத்தில் மட்டும் நீலம். அங்கங்கே அரிசி மணி அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். ஈரத்துணி படக் கூடாது, காய்ந்த பிரஷ்தான் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

பதினோரு வருஷம் அந்தப் பிரஷோடு அதன் முன்னால் நின்றாள். முதல் வருஷம் எதுவும் தோன்றவில்லை. இரண்டாவது வருஷம் பழுப்புக்கு அடியில் பச்சை இருப்பது தெரிந்தது. யாரோ முதலில் பச்சை பூசி, பிறகு மனசு மாறி மூடியிருக்கிறார்கள். எதற்கு மாறியது? மஞ்சள் கோட்டை மேலிருந்து இழுத்தார்களா, கீழிருந்தா? போதும், முடிந்தது என்று எந்த இடத்தில் பிரஷைக் கீழே வைத்தார்கள்? சோறு பொங்கினால் வெந்தது தெரியும், துணி தைத்தால் முடிந்தது தெரியும். இதில் எப்படித் தெரியும்? அவளுக்கு இதெல்லாம் நிஜமாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒருநாள் துணிந்து ஒரு இன்ஜினியரிடம், "சார், இது இன்னா சார்?" என்று கேட்டாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஆர்ட்மா," என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போய்விட்டார். படித்த மனுஷர், அதற்கு மேல் என்ன சொல்வார் பாவம்.

போன நவம்பரில் கம்பெனி வேறு கட்டடத்துக்கு மாறியது. பழைய நாற்காலிகளோடு படமும் கீழே குப்பை அறைக்கு வந்தது. நிர்வாகம் பார்க்கும் ராதிகா மேடத்திடம் அந்தப் படத்தைக் கேட்டு ஜாய் போய் நின்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் எதுவும் கேட்டதில்லை. ராதிகா ஆச்சரியப்பட்டு, கேட்டில் காட்டுவதற்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சாயங்கால ரயிலில் ஆள் உயரப் படத்தோடு ஏறுவது என்றால் என்ன என்று அதில் போகிறவர்களுக்குத்தான் தெரியும். போர்வையில் சுற்றிக் கட்டியிருந்தாள். மாலூர்க்காரி ஒருத்தி, "ஏனம்மா, பாகிலா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கதவுதான் என்று நினைத்துவிட்டாள். இன்னொருவர் கட்டில் பலகை என்றார். ஜாய் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வாசல் ஓரமாக அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சாம்பியன் ரீப்ஸ் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த ரயிலிலும் வந்ததில்லை.

அந்த டிசம்பர் சனிக்கிழமை, ஒட்டடை அடித்து, சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசி முடித்ததும் படத்தைப் பிரித்தாள். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. லைன் வீட்டின் கூரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். ஆள் உயரப் படம் நிற்க வேண்டுமானால் நடுச்சுவரின் நட்டநடுவில்தான் நிற்கும். அங்கே மாமனார் இருக்கிறார்.

"அப்பாவ எடுக்க முடியாது," என்றார் மேக்ஸ்வெல். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பக்கத்துச் சுவத்துல வெக்கலாங்க. ஒரு அடிதான்."

"ஒரு அடி கூட முடியாது. படத்தப் படுக்கப் போடு. எப்படிப் பாத்தாலும் ஒண்ணும் புரியப் போறதில்ல, படுத்தா இன்னா, நின்னா இன்னா?"

அப்படியே செய்தார். மாமனார் போட்டோவுக்கும் ஹெல்மெட்டுக்கும் கீழே, படம் பக்கவாட்டில் திரும்பிப் படுத்தது. இடது ஓரத்து நீலம் மேலே போனது. இறங்கிய மஞ்சள் கோடுகள் குறுக்குக் கோடுகளாயின. குறுக்கே இருந்த கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே இறங்கியது. ஜாய்க்குத் தன் பிள்ளையைத் தலைகீழாகத் தொட்டிலில் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் சுவருக்கு வந்துவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு நாகேஷ் ஏணியைத் திருப்பி வாங்க வந்தார். பார்வதம்மாவின் வீட்டுக்காரர், மைனில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுவிட்டார்.

"இன்னாப்பா மேக்ஸ், செக்ஷன் பிளான் எங்க கெடச்சுது?"

"இன்னா பிளான் மாமா?"

"இதான், மைன நெடுக வெட்டிக் காட்டற பிளான்." கிட்டே வந்து விரலை வைத்தார். "மேல நீலம், ஆகாசம். கறுப்பா எறங்குது பாரு, ஷாப்ட். குறுக்கால மஞ்சள் மஞ்சளா, நாங்க வேல செஞ்ச லெவலுங்க. வெள்ளைப் புள்ளி நம்ம ஆளுங்க, தலையில லைட்டு."

மேக்ஸ்வெல் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். ஜாய்க்கும் அது தெரிந்தது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அதைத் தெரியாமலாக்க வழியில்லை. நாகேஷின் விரல் கோடு கோடாகக் கீழே இறங்கியது. படத்தின் கீழ் ஓரத்துக்கு முக்கால் தூரத்தில், ஒரே ஒரு புள்ளி இருந்த இடத்தில் நின்றது.

"ஒங்கப்பன் இங்கதான் இருந்தான்," என்றார். "நாங்க இந்தப் பக்கத்துலருந்து தோண்டினு போனோம்."

அப்புறம் அவர் ஏணியை வாங்காமலே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் கூட்டம். மேக்ஸ்வெலே ஆள் கூட்டி வந்தார். பென்ஷன்காரர்கள், சர்ச் ஆட்கள், கடை முதலாளி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் லெவலைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்தார்கள். ஒருவர் தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் தொங்கிய இடத்தைக் காட்டினார். இன்னொருவர் அந்த இடம் அது இல்லை, இரண்டு லெவல் கீழே என்று சண்டை பிடித்தார். ஜாய் எல்லோருக்கும் டீ போட்டாள். அவர்கள் போன பிறகு எண்ணெய் விரல் தடங்களைக் காய்ந்த பிரஷால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "அருமையான படம்மா," என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பதினோரு வருஷம் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது, தூக்கிக்கொண்டு வந்த ஒரே நாளில் அதே மைனாகிவிட்டது. அந்த வீட்டுச் சுவரில் தன்னுடையது என்று ஒரே ஒரு பொருள் வேண்டும் என்றுதான் அதைக் கேட்டு வாங்கி வந்தாள். இனி அதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மேக்ஸ்வெல் கடைக்குப் போனதும் ஏணியைப் போட்டாள். மாமனார் போட்டோவைத் துடைத்து, அடி அளந்து, பக்கத்துச் சுவரில் ஜன்னலோரம் மாட்டினாள். அவருக்கு நல்ல வெளிச்சம். ஹெல்மெட்டும் கூடவே போனது. பிறகு படத்தை நிமிர்த்தி நடுச்சுவரில் நிற்க வைத்தாள். மஞ்சள் கோடுகள் மறுபடி இறங்கின. நீலம் தன் ஓரத்துக்குப் போனது. லெவலும் இல்லை, ஷாப்டும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். திருடி வைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த மேக்ஸ்வெல் வாசலிலேயே நின்றார்.

"எங்கப்பா எங்க?"

"அதோ இருக்காரு. ஜன்னலாண்ட."

அவர் போட்டோ பக்கம் திரும்பவே இல்லை. படத்தின் கிட்டே போய், நாகேஷ் விரல் வைத்த புள்ளியைத் தேடினார். எங்கே என்று தெரியவில்லை. கை மேலும் கீழும் அலைந்தது. அவர் கேட்டது எந்த அப்பாவை என்று அப்போதுதான் ஜாய்க்குப் புரிந்தது.

"அது மைன் இல்லீங்க," என்றாள் மெதுவாக. "ஆபீசுல இப்படித்தான் நின்னுகினு இருந்துது."

"மைன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நாகேஷ் மாமாவுக்குத்தான் தெரியாதா?" அவர் குரல் ஏறியது, உடனே இறங்கியது. "நாப்பது வருசமா அந்த ஆளு பக்கத்து வூட்டுல இருக்காரு. எங்கப்பாவ வெளிய எடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தரு. எத்தினி தடவ கேட்டுருப்பேன். வாயே தொறக்கல. இதுல விரல வெச்சதும் சொன்னாரு. அதாம்மா எனக்கு இந்தப் படம்."

தன்னைத் தவிர எல்லோரும் முட்டாள்தனமாகப் படத்தைப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தது ஜாய்க்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தோடு சேர்ந்து ஒரு கோபமும் இருந்தது, அது போகவில்லை.

"படுக்கப் போட்டுக்கோங்க," என்றாள். "நானே ஏணி புடிக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் வந்து இதுல இன்னா தெரியுதுன்னு சொன்னாங்க. பதினோரு வருசம் தெனம் இதும் முன்னால நின்னவ நானு. அங்க ஒருத்தரும் என்னைக் கேக்கல. இங்கயும் கேக்கல. நீங்களும் கேக்கல."

மேக்ஸ்வெல் ஏணியை எடுத்தார். இறக்கத்தான் போகிறார் என்று அவள் எழுந்தாள். அவர் அதை மடக்கி வெளியே கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வந்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டார். இன்னொன்றையும் போட்டார்.

"சரி, வா," என்றார். "இன்னா தெரியுது, சொல்லு."

இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவர் முதன்முதலாகக் கேட்கிறார். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஜாய் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இன்னும் தெரியலீங்க," என்றாள். "தெரிஞ்சிருந்தா அங்கியே உட்டுட்டு வந்திருப்பேன்."